மாதத் தவணையில் தெரியாத கணக்கு

கேள்வி: நாங்கள் நியூஜெர்சி மாநிலம் எடிசனில் வசிக்கிறோம். கணவர் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார். கிரீன் கார்டுக்காக அவர் நிறுவனம் கொடுத்த ஐ-140 மனுவுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது, இப்போதைய விசா அனுமதியில் இன்னும் 32 மாதங்கள் மீதமுள்ளன. அவர் வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் போகிறார். ஒருவழி 22 மைல். எங்களுக்கு ஒன்பது மாதக் குழந்தை இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் ஊரிலிருந்து என் அம்மாவும் அப்பாவும் வந்து தங்குவார்கள்; அம்மாவுக்கு மூட்டுவலி. புதிய கார் ஒன்றை 36 மாத லீஸில், அதாவது நீண்டகால வாடகை ஒப்பந்தத்தில், எடுக்க நினைக்கிறோம். கையெழுத்திடும் நாளில் 3,999 டாலர் கொடுத்தால் செடானுக்கு மாதம் 355 டாலர், ஆண்டுக்கு 10,000 மைல் என்கிறார்கள். செடானைவிட உயரமான கிராஸ்ஓவர் வகைக் காருக்கு முதல் தவணை மட்டும் கொடுத்தால் போதும், மாதம் 445 டாலர், ஆண்டுக்கு 12,000 மைல் என்கிறார்கள். கணவர் 355-ஐப் பார்க்கிறார். நான் குழந்தை இருக்கையைப் பார்க்கிறேன். டீலர்கள் கொடுத்த தாள்களை இணைத்திருக்கிறேன். எதை எடுப்பது?

வாசகி, எடிசன்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களையும் வரி விடாமல் படித்தேன். முதலில் அந்த 90 டாலர் வித்தியாசத்தைப் பார்த்துவிடுவோம். செடானுக்கு முதல் நாள் கொடுக்கும் 3,999 டாலரில் முதல் மாதத் தவணையும் அடங்கியிருக்கிறது. அதன் பிறகு 35 மாதங்களுக்கு 355 டாலர் வீதம் 12,425 டாலர் கட்ட வேண்டும். ஆக மொத்தம் 16,424 டாலர். கிராஸ்ஓவருக்கு 445 டாலர் வீதம் 36 தவணைகள், அதாவது 16,020 டாலர். விற்பனை வரியை நீக்கிப் பார்த்தால், மூன்று ஆண்டுகளில் அதிகம் செலவு வைப்பது செடான்தான். 404 டாலர் கூடுதலாகக் கொடுத்து, ஆண்டுக்கு 2,000 மைல் குறைவாக ஓட்டும் உரிமையைப் பெறுகிறீர்கள். உங்கள் கணவர் பார்த்த 355 பொய்யான எண் இல்லை. ஆனால் அது அந்த 3,999 டாலரை மறந்துவிட்டுப் பார்க்கும் எண்.

ஸ்டிக்கரில், அதாவது காரில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டில், 32,000 டாலர் போட்டிருக்கும் செடான் 35,000 டாலர் கிராஸ்ஓவரைவிட எப்படி அதிகச் செலவு வைக்கும் என்று நீங்கள் கேட்கலாம். சொந்தமாக வாங்குபவர் காரின் விலையைக் கொடுக்கிறார். லீஸ் எடுப்பவரோ அந்தக் கார் தம்மிடம் இருக்கும் காலத்தில் இழக்கும் மதிப்பையும், நிதி நிறுவனம் முடக்கி வைத்த பணத்துக்கான கட்டணத்தையும் கொடுக்கிறார். லீஸ் முடியும் நாளில் கார் என்ன பெறும் என்பதை நிதி நிறுவனம் தொடக்கத்திலேயே ஸ்டிக்கர் விலையின் சதவீதமாக நிர்ணயித்துவிடுகிறது. இதற்குப் பெயர் ரெசிடுவல், அதாவது எஞ்சிய மதிப்பு. உங்கள் செடானுக்கு இது 55 சதவீதம், 17,600 டாலர். கிராஸ்ஓவருக்கு 62 சதவீதம், 21,700 டாலர். கட்டணங்கள் உட்படப் பேசி முடித்த விலை செடானுக்கு 30,500, கிராஸ்ஓவருக்கு 33,900. கழித்துப் பாருங்கள்: செடான் இழப்பது 12,900 டாலர், கிராஸ்ஓவர் இழப்பது 12,200 டாலர். பழைய கார்ச் சந்தையில் கிராஸ்ஓவர்களைத் தேடுவோர் அதிகம் என்பதால் இந்த நிலை அடிக்கடி ஏற்படுகிறது. ஆனாலும் எல்லா மாடலுக்கும் இது பொருந்தாது. ஆகவே ஒவ்வொரு காருக்கும் இந்தக் கழித்தலைத் தனித்தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். எஞ்சிய மதிப்பில் டீலரிடம் பேரம் பேச முடியாது. விற்பனை விலையில் பேசலாம். கட்டாயம் பேச வேண்டும்.

அடுத்தது வட்டி. லீஸில் இதை ஆண்டு வட்டி வீதமாகச் சொல்லாமல், 'மணி ஃபேக்டர்' என்ற சிறிய தசம எண்ணாகச் சொல்வார்கள். அதை 2,400-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ ஆண்டு வட்டி வீதம் கிடைக்கும். 1976-ஆம் ஆண்டின் நுகர்வோர் லீஸ் சட்டமும் அதன்கீழ் வந்த 'ரெகுலேஷன் எம்' விதிகளும் மதிப்பிழப்பு, எஞ்சிய மதிப்பு, மொத்த வாடகைக் கட்டணம் (லீஸில் வட்டிக்கு வைத்திருக்கும் பெயர்) ஆகியவற்றை டாலரில் எழுதித் தர வேண்டும் என்கின்றன. மணி ஃபேக்டரை எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் தாள்களிலும் அது இல்லை. செடானில் மொத்த வாடகைக் கட்டணம் 3,521 டாலர், கிராஸ்ஓவரில் 3,803 டாலர் என்று மட்டும் இருக்கிறது. இதைப் பார்க்கும் எவருக்கும் செடானுக்கு வட்டி குறைவு என்றே தோன்றும்.

உண்மையை நாமே கண்டுபிடிக்கலாம். வாடகைக் கட்டணத்தை மாதங்களின் எண்ணிக்கையால் வகுத்து, வரும் விடையைக் காரின் தொடக்கத் தொகையும் எஞ்சிய மதிப்பும் சேர்ந்த கூட்டுத்தொகையால் மீண்டும் வகுத்தால் மணி ஃபேக்டர் வந்துவிடும். கிராஸ்ஓவருக்கு 3,803-ஐ 36-ஆல் வகுத்தால் சுமார் 105.64; அதை 33,900-உம் 21,700-உம் கூடிய 55,600-ஆல் வகுத்தால் 0.0019, அதாவது 4.56 சதவீத வட்டி. செடானில் 3,999 டாலரில் முதல் தவணை போக மிஞ்சிய 3,644 டாலர் முன்பணமாகக் கழிந்து, தொடக்கத் தொகை 30,500-இலிருந்து 26,856 ஆகிவிட்டது; அதே வழியில் வகுத்தால் வருவது 0.0022, அதாவது 5.28 சதவீதம். நிதி நிறுவனம் தரும் அடிப்படை வீதத்தின் மேல் டீலர் தம் பங்காகக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ள பல நிறுவனங்கள் இடம் தருகின்றன. அந்த அடிப்படை வீதத்தை 'பை ரேட்' என்பார்கள். "எனக்குத் தந்திருப்பது பை ரேட்தானா?" என்று நேராகக் கேளுங்கள். செடானில் 0.0022 என்பது 0.0019 ஆகக் குறைந்தாலே 480 டாலர் மிச்சமாகும்.

முன்பணத்தைப் பற்றிச் சற்று அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நான் முதன்முதலாக லீஸ் எடுத்தபோது, மாதத் தவணையைக் குறைக்கும் ஆசையில் 3,000 டாலரை முன்பணமாகக் கொடுத்தேன். நான்காவது மாதம், பனி உறைந்த சாலையில் கார் சறுக்கித் தடுப்புச் சுவரில் மோதி, சரிசெய்ய முடியாது என்று காப்பீட்டில் முடித்துவிட்டார்கள். எனக்கு ஒரு கீறலும் இல்லை. காப்பீட்டுத் தொகை காரின் உரிமையாளரான நிதி நிறுவனத்துக்குப் போனது. அதற்கும் மேல் நின்ற பாக்கியை ஒப்பந்தத்தில் இருந்த 'கேப்' பாதுகாப்பு ஈடுகட்டியது. என் 3,000 டாலர் மட்டும் திரும்பவில்லை. யாரும் என்னை ஏமாற்றவில்லை; லீஸ் ஒப்பந்தத்தின் இயல்பே அதுதான். நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் 3,999 டாலர் உங்கள் வங்கிக் கணக்கிலேயே இருக்கட்டும். மாதத் தவணை கூடினால் கூடிவிட்டுப் போகட்டும். எந்தக் காரை எடுத்தாலும் 'கேப்' பாதுகாப்பு ஒப்பந்தத்திலேயே இருக்கிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது மைல் கணக்கு. கணவரின் அலுவலகப் பயணம் நாளொன்றுக்கு 44 மைல். வாரம் மூன்று நாள், ஆண்டுக்கு 48 வாரம் என்று கொண்டால் 6,336 மைல். குழந்தை மருத்துவர், மளிகை, பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேசுவரர் கோயில், நண்பர்கள் வீடு எல்லாம் சேர்ந்து மாதம் 350 மைல் என்றால் இன்னொரு 4,200. பெற்றோர் வரும் கோடையில் நயாகரா போகாமல் இருக்க மாட்டீர்கள். எடிசனிலிருந்து போய்வர ஏறக்குறைய 800 மைல். வாஷிங்டன் பயணமும் ஒன்று சேர்ந்தால் ஆண்டுக்கு 12,000 மைலை நெருங்கிவிடுவீர்கள். செடானுக்குச் சொன்ன 10,000 மைல் உங்களுக்குப் போதாது. கூடுதலாக ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் பொதுவாக 15 முதல் 25 சென்ட் வரை வசூலிப்பார்கள். ஆண்டுக்கு 2,000 மைல் மிஞ்சினால் மூன்றாண்டில் 6,000 மைல், 20 சென்ட் வீதம் 1,200 டாலர். ஏற்கெனவே இருந்த 404 டாலர் வித்தியாசத்தோடு இதையும் கூட்டிக்கொள்ளுங்கள். 12,000 மைலும் பற்றாது என்று தோன்றினால், 15,000 மைலுக்கான விலையைக் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுங்கள். எஞ்சிய மதிப்பில் ஓரிரு சதவீதம் குறையும், தவணை சற்றுக் கூடும். ஆனால் திருப்பித் தரும் நாளில் மொத்தமாகக் கட்டுவதைவிட அது பெரும்பாலும் மலிவு.

நியூஜெர்சியில் விற்பனை வரி 6.625 சதவீதம். இங்கே லீஸுக்கு முழுக் காலத் தவணைகளுக்குமான வரியைத் தொடக்கத்திலேயே கணக்கிடும் முறை உண்டு. அதன்படி கிராஸ்ஓவருக்குச் சுமார் 1,061 டாலர் வரும். அதை முதல் நாளே கட்டலாம், அல்லது தவணையில் சேர்த்துக்கொள்ளலாம். டெக்சஸில் தெரிந்தவர் யாராவது லீஸ் எடுத்திருந்தால், அவருடைய லீஸோடு உங்களுடையதை ஒப்பிட வேண்டாம். அங்கே லீஸ் என்றாலும் காரின் முழு விலைக்கும் 6.25 சதவீத வரி விழுந்து, அது லீஸ் எடுப்பவர் தலையில்தான் வந்து சேரும்.

இதுவரை சொன்னவை எல்லாம் கூட்டல் கழித்தல். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த 32 மாதங்கள். லீஸ் 36 மாதம், விசா அனுமதி 32 மாதம். சில நிதி நிறுவனங்கள் விசா முடியும் தேதியைத் தாண்டி லீஸ் தர மறுக்கின்றன. ஆகவே முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள். ஐ-140 ஒப்புதல் இருப்பதால் எச்-1பி விசாவின் ஆறாண்டு வரம்பைத் தாண்டியும் நீட்டிப்புப் பெற வழி இருக்கிறது. அந்தவகையில் உங்கள் நிலை பலரைவிட உறுதியானது. ஆனால் வேலை போனால் எச்-1பி விசாவில் இருப்பவருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம்தான். அந்த 60 நாளுக்குள் லீஸை முறிப்பதென்றால் மீதித் தவணைகளில் பெரும்பகுதியைக் கேட்கக்கூடிய ஒப்பந்தங்கள் உண்டு. இதிலிருந்து வெளியேற இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று, லீஸை இன்னொருவர் பெயருக்கு மாற்றுவது. மற்றொன்று, காரை வேறொரு டீலர் நேரடியாக வாங்கிக்கொள்வது. முதலாவதைச் சில நிறுவனங்கள் மட்டுமே அனுமதிக்கின்றன; இரண்டாவதை அண்மை ஆண்டுகளில் பல நிறுவனங்கள் அடைத்துவிட்டன. இந்த இரண்டில் ஒன்றாவது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத லீஸ் மாதம் 30 டாலர் மலிவாக வந்தாலும் உங்களுக்கு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

சொந்தமாக வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை; இருந்தாலும் அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். அதே கிராஸ்ஓவரை 33,000 டாலருக்கு, 6 சதவீத வட்டியில் 60 மாதக் கடனில் வாங்கினால் மாதத் தவணை 638 டாலர். மூன்றாண்டில் சுமார் 22,970 டாலர் கட்டியிருப்பீர்கள். கடனில் 14,400 டாலர் மீதியிருக்கும். கார் அப்போது 21,700 டாலருக்கு விலைபோனால் 7,300 டாலர் கையில் வரும். நிகரச் செலவு 15,670 டாலர் அளவில் நிற்கும். விற்பனை வரியை நீக்கிப் பார்த்தால் லீஸுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. கார் அந்த விலைக்குப் போகாவிட்டால் நட்டம் யாருடையது என்பதில்தான் வேறுபாடு. லீஸில் அது நிதி நிறுவனத்தினுடையது. எட்டு, பத்து ஆண்டு இதே காரை ஓட்டப்போகிறோம் என்ற உறுதி இருந்தால் வாங்கச் சொல்லியிருப்பேன். மூன்றாண்டுக்குப் பிறகு எந்த ஊரில் இருப்போம் என்பது தெரியாத உங்களுக்கு, திருப்பிக் கொடுக்கும் தேதி முன்பே தெரிந்த லீஸ் பொருத்தமானதுதான்.

காரைப் பற்றி நீங்கள் யோசித்தது சரியே. பின்னோக்கிப் பொருத்தும் குழந்தை இருக்கைக்குப் பின்னிருக்கையில் நீளம் வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் உட்காருபவர் முழங்காலை மடக்கியபடி பயணம் செய்ய நேரும். கிராஸ்ஓவரின் இருக்கை இடுப்பளவு உயரத்தில் இருப்பதால் உங்கள் அம்மா குனிந்து இறங்கி உட்கார வேண்டாம், நகர்ந்து உட்கார்ந்தாலே போதும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு இது சிறிய வசதி இல்லை. கிராஸ்ஓவர் என்றால் டிரக்கின் சட்டத்தின் மேல் கட்டிய கனமான வண்டி என்று கணவர் தயங்கினால், டொயோட்டாவின் கேம்ரியும் ராவ்-4-உம் ஒரே அடித்தளக் குடும்பத்தில் பிறந்தவை என்று சொல்லுங்கள். குழந்தை இருக்கையைக் கையோடு கொண்டுபோய், இரண்டு கார்களிலும் பொருத்திப் பார்த்த பிறகே பேச்சைத் தொடங்குங்கள்.

ஆகவே என் பரிந்துரை கிராஸ்ஓவர், 36 மாதம், ஆண்டுக்கு 12,000 மைல், முன்பணம் இல்லாமல். 39 மாதத்துக்கு நீட்டினால் தவணை குறையும் என்று டீலர் சொல்லக்கூடும்; ஏற்க வேண்டாம். ஹோண்டா, டொயோட்டா இரண்டுமே காரின் பெரும்பாலான பாகங்களுக்குத் தரும் அடிப்படை வாரண்டி 3 ஆண்டு அல்லது 36,000 மைல். உங்கள் லீஸும் மைலும் சரியாக அங்கேதான் முடிகின்றன. அதைத் தாண்டிய மூன்று மாதங்களில் ஏதேனும் பழுதானால், சொந்தமில்லாத காருக்கு உங்கள் கைப்பணம் செலவாகும்.

கையெழுத்திடும் முன் செடான் டீலரிடமும் ஒருமுறை பேசுங்கள்: முன்பணம் இல்லாமல், 12,000 மைலுக்கு, பை ரேட்டில் ஒரு தாள் கேளுங்கள். அந்தத் தாளில் மாதம் 420 டாலருக்குக் கீழே வந்தால் எனக்கு எழுதுங்கள். இரண்டையும் மீண்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன். திருப்பிக் கொடுக்கும்போது வசூலிக்கும் கட்டணம் எவ்வளவு, டயரில் எவ்வளவு ஆழம் மிஞ்சியிருக்க வேண்டும் என்பதையும் இரண்டு தாள்களிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.