மருத்துவர் பதில்கள்: மயக்க மருந்தை இதயம் தாங்குமா?

கேள்வி: திருவையாற்றுப் பக்கம் விவசாயம் செய்யும் என் தந்தைக்கு வயது 64, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார், வெற்றிலை சீவலும் புகையிலையும் நெடுநாள் பழக்கம். தஞ்சாவூரில் லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியே செய்யும் அறுவை) முறையில் பித்தப்பையை அகற்றவிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் குடலிறக்க அறுவையின்போது முதுகில் ஊசி போட்டதோடு சரி. அப்பாவுக்கு ஏன் முழு மயக்கம்? இதயம் தாங்குமா? அன்று காலை காபியாவது கொடுக்கலாமா?

பதில்: லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்புவதால், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் மேலே தள்ளப்படும். அந்நிலையில் மூச்சுக்குழலில் குழாய் பொருத்தி, சுவாசத்தை இயந்திரத்திடம் விடுவதே பாதுகாப்பு. அதனால்தான் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுக்கிறார்கள்.

முழு மயக்கம் ஒரே மருந்தின் வேலை அன்று. நினைவை நீக்க ஒன்று, வலியை அடக்க ஃபென்டனில் போல ஒன்று, தசைகளைத் தளர்த்த அட்ரகூரியம் போல ஒன்று எனப் பிரித்துக் கொடுப்பதால் ஒவ்வொன்றும் குறைந்த அளவே போதும். பெரும்பாலும் முதலில் ரத்தக்குழாயில் ஏற்றுவது, நினைவை நீக்கும் புரோபோஃபால். சோயா எண்ணெய் கலந்த, பால்போல் வெளுத்த இம்மருந்து ஏறும்போது கை சற்று எரியும். ஒரு நிமிடத்துக்குள் நினைவு போய்விடும். ஆனால் மூளையிலிருந்து மற்ற உறுப்புகளுக்குப் பரவிவிடுவதால் ஒருமுறை ஏற்றியது 5 முதல் 10 நிமிடமே நிற்கும். ஆகவே ஐசோஃபுளூரேன் அல்லது செவோஃபுளூரேன் ஆவியைச் சுவாசத்தோடு தொடர்ந்து செலுத்துவார்கள். அதை நிறுத்தியதும் நுரையீரல் வழியாகவே வெளியேறிவிடும்.

புரோபோஃபால் ரத்த அழுத்தத்தை இறக்கும் என்பதால் வயதானவர்களுக்கு அளவைக் குறைத்து மெதுவாகத் தருவார்கள். இதயம் மிகவும் நலிந்தவர்களுக்கு அதற்குப் பதிலாக எட்டோமிடேட் என்ற மருந்து உண்டு. விபத்தில் ரத்தம் இழந்து வருபவருக்குக் கைகொடுக்கும் கெட்டமின் என்ற மயக்க மருந்து ரத்த அழுத்தத்தை ஏற்றும் இயல்புடையது. ஆகவே உங்கள் தந்தைக்கு அது முதல் தேர்வாக இராது.

டிகிரி காபி மணக்கும் ஊர்ப்பக்கம் இதைச் சொல்வது கொடுமைதான். ஆனாலும் பால் கலந்த எதையும் 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை குடிக்கலாம். மயக்கத்தில் இருமும் திறன் ஓய்ந்திருக்கும்போது, வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

அழுத்த மாத்திரைகளில் சிலவற்றை அன்று காலை விடச் சொல்வார்கள், சிலவற்றை விடவே கூடாது. அட்டையோடு கொண்டுபோய் மயக்கவியல் மருத்துவரிடம் காட்டுங்கள். சீவல், புகையிலைப் பழக்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். பல்லாண்டு மென்றவர்களில் சிலருக்குக் கன்னத்தின் உட்புறம் இறுகி வாய் முழுதாகத் திறக்காது. குழாய் பொருத்துவது கடினமாகும். மருத்துவருக்கு முன்பே தெரிந்தால், அதற்குரிய வளையும் கருவியைத் தயாராக வைத்திருப்பார்.