பாவித்த ஒக்டேவியா எஸ்டேட் வாங்கலாமா? செயின் பயமும் செயினே இல்லாத எஞ்சினும்

கேள்வி: ஹரோவில் இருக்கிறோம். நானும் மனைவியும், இரண்டு பிள்ளைகள், அம்மம்மா. பழைய டீசல் காருக்கு யூலெஸ் (லண்டனில் புகை கூடின கார்களுக்கான கட்டணம்) கட்டிக் களைத்துவிட்டோம். தெரிந்த அண்ணா ஒருவர் 2016 செப்டெம்பரில் பதிவான ஸ்கோடா ஒக்டேவியா எஸ்டேட் ஒன்றைக் காட்டினார். 1.4 ரி.எஸ்.ஐ பெற்றோல், ஓட்டோமற்றிக், 88,000 மைல், விலை 7,800 பவுண். ஒரு லேடி டொக்ரர் ஓடின கார் என்கிறார். ஆனால் வேலையிடத்தில் ஒருவர், இந்த எஞ்சினில் செயின் போய்விடும், 1.4 எஞ்சின் இவ்வளவு பெரிய காரை இழுத்தே டேர்போ வெடித்துவிடும் என்று பயமுறுத்துகிறார். மனைவிக்கு ஓட்டோமற்றிக் லைசென்ஸ் மட்டும்தான். சனிக்கிழமை போய்ப் பார்க்கிறோம். நம்பர் பிளேட்டையும் அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: முதலில் செயினை முடித்துவிடுவோம். எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் செயினைத்தான் நண்பர் சொல்கிறார். நீங்கள் பார்க்கும் காரின் எஞ்சினில் அந்தச் செயினே இல்லை. அதில் இருப்பது ரப்பர் பெல்ட். உங்கள் நண்பர் சொல்வது பொய்யும் இல்லை, அவர் இதற்கு முந்திய எஞ்சினைச் சொல்கிறார். இரண்டுக்கும் பெயர் 1.4 ரி.எஸ்.ஐ. கொம்பனி பெயரை மாற்றாமல் எஞ்சினை மாற்றிவிட்டது. சனம் குழம்பாமல் என்ன செய்யும்?

பழையதில் செயின் காலப்போக்கில் இழுபட்டு நீளும். காலையில் குளிரில் ஸ்டார்ட் பண்ணினால் சில விநாடிகள் கலகலவென்று சத்தம் வரும். கவனிக்காமல் விட்டால் எஞ்சினே போய்விடும். 2013இல் வந்த மூன்றாம் தலைமுறை ஒக்டேவியாவில் எஞ்சினைப் புதிதாக வடிவமைத்து பெல்ட் போட்டார்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு. உங்களுக்கு இது தேவையில்லை, ஆனால் நாளைக்கு வேறு கார் பார்க்கப் போவீர்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன். 2013ஆம் ஆண்டுக் கார்களில் இரண்டு விதமும் உண்டு. புது மொடல் வந்த பிறகும் கடைகளில் நின்ற பழைய மொடல்களைப் பதிந்து விற்றார்கள். 13 பிளேட் (2013இல் பதிந்தது) என்றால் புது மொடல்தான் என்று விற்பவர் சத்தியம் பண்ணுவார், அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். லொக்புக்கை (காரின் பதிவுப் பத்திரம்) வாங்கி எஞ்சின் நம்பர் போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். முதல் எழுத்துகள் சி, ஏ, எக்ஸ் என்று தொடங்கினால் அது பழைய செயின் எஞ்சின். சி, எச் என்றோ சி, இசட் என்றோ தொடங்கினால் பெல்ட். பிளேட்டைப் பார்த்தோ விளம்பரத்தைப் பார்த்தோ முடிவெடுக்க வேண்டாம், எஞ்சின் நம்பரைப் பாருங்கள். இதைப் பார்க்காமல் 13 பிளேட் வாங்கிவிட்டு என் கராஜுக்கு வந்து நின்றவர்கள் இருக்கிறார்கள்.

டேர்போ வெடிக்கும் என்பது வெறும் கதை. வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சிறு விசிறி சுழல்கிறது, அது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளுகிறது. அவ்வளவுதான் டேர்போ. 150 குதிரைச்சக்தி எஞ்சின் என்றால் நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே 250 நியூட்டன் மீற்றர் இழுவை கிடைத்துவிடும். டேர்போ இல்லாத 2.5 லீற்றர் எஞ்சின் தரும் இழுவைக்கு அது கிட்டத்தட்டச் சமம். ஐந்து பேரையும் 610 லீற்றர் பூட் நிறையச் சாமானையும் ஏற்றிக்கொண்டு பர்மிங்ஹாம் போகலாம், எஞ்சின் முனகாது.

டேர்போவைக் கொல்வது பாரம் இல்லை, பழைய ஒயில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, கிட்டத்தட்ட 18,000 மைலுக்கு ஒருமுறை ஒயில் மாற்றினால் போதும் என்று ஒரு நீண்ட சர்வீஸ் முறை இருக்கிறது. கொம்பனிக் கார்களை மொத்தமாக வாங்குபவர்களுக்குச் செலவு குறைவாகத் தெரியவேண்டும் என்பதைத் தவிர அதில் எனக்கு வேறு நியாயம் தெரியவில்லை. வருடத்துக்கு ஒருமுறை, அல்லது 10,000 மைல், எது முந்தி வருகிறதோ அப்போது மாற்றுங்கள். ஒயில் ரின்னில் 504 00 என்ற ஃபோக்ஸ்வாகன் இலக்கம் இருக்கவேண்டும்.

பெற்றோல் எவ்வளவு குடிக்கும்? விளம்பரத்தில் கலனுக்கு 50 மைலுக்கு மேல் போட்டிருப்பார்கள். அது பழைய ஆய்வுகூடச் சோதனை. உண்மைக்கு நெருங்கிய சோதனை முறை 2017இல்தான் வந்தது. ஹரோ வீதிகளில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கி, கோயிலுக்கும் மரக்கறிக் கடைக்கும் ஓடினால் 35ஐ ஒட்டி நிற்கும். மோட்டார்வேயில் 45 எதிர்பார்க்கலாம். இந்த அளவு காருக்கு அது நல்ல கணக்கு. குறைந்த தூர ஓட்டத்துக்கு டீசலை விட்டு வருவதும் சரியான முடிவு. சாதாரண இ10 பெற்றோல் போதும், விலை கூடின பெற்றோல் தேவையில்லை.

எஞ்சினில் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான், அதுவும் தண்ணீர்ப் பம்ப். எஞ்சினின் கியர்பெட்டிப் பக்க நுனியில், காற்றுக் குழாய்க்குக் கீழே, தெர்மோஸ்டாற்றோடு ஒன்றாகச் சேர்ந்த பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்கும். ஃபோன் லைற்றை அடித்துக் குனிந்து பாருங்கள். இளஞ்சிவப்பு நிறத்தில், உப்புக் காய்ந்து படிந்ததுபோல் பொருக்கு இருந்தால் அது ஒழுகுகிறது. அங்கே யாரோ புதிதாகத் துடைத்திருந்தால் அதுவும் எனக்குப் பதில்தான். பெல்ட் மாற்றிய ரசீது இல்லையென்றால் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

சரி, இப்போது உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். நீங்கள் கேட்காதது அது.

இந்தக் காரில் இருக்கும் ஓட்டோமற்றிக், டி.எஸ்.ஜி என்ற ஏழு கியர்ப் பெட்டி. உள்ளே இருப்பது சாதாரணக் கிளச் மாதிரியே உலர்ந்த கிளச், இரண்டு. காலுக்குப் பதிலாக ஒரு கணினிப் பெட்டி அதை மிதிக்கிறது. மோட்டார்வேயில் ஓடினால் ஒரு கரைச்சலும் இல்லை. லண்டன் நெரிசலில் அடி அடியாக ஊர்ந்தால் கிளச் தேயும், கணினிப் பெட்டியும் களைக்கும். திருத்த ஆயிரம் பவுணுக்கு மேல் போகும். ஆகவே, இந்தக் காரைப் போன நாட்களில் யார், எங்கே ஓட்டினார் என்பதுதான் எஞ்சினைவிடப் பெரிய கேள்வி.

நீங்கள் அனுப்பிய நம்பரை அரசாங்க இணையத்தளத்தில் போட்டு எம்.ஓ.ரி (கார் வீதியில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் கட்டாயச் சோதனை) வரலாற்றைப் பார்த்தேன். காசு இல்லை, இரண்டு நிமிட வேலை. நம்பர் மட்டும் போதும். 2019 செப்டெம்பர், முதல் எம்.ஓ.ரி, 19,000 மைல். 2020இல் 26,000. 2021 செப்டெம்பரில் 32,000. இதுவரை டொக்ரர் ஓடியிருக்கலாம். அதற்குப் பிறகு பாருங்கள்: 2022 மார்ச்சில் ஒரு எம்.ஓ.ரி, 45,000. அதே வருடம் செப்டெம்பரில் இன்னொன்று, 58,000. 2023 மார்ச், 70,000. செப்டெம்பர், 82,000. பிறகு 2024இல் 86,000. நடுவில் இரண்டு தடவை, முன் ரயர்கள் தேய்ந்து எல்லையை நெருங்கிவிட்டன என்று சோதித்தவர் எழுதியிருக்கிறார்.

சாதாரணக் காருக்கு வருடத்துக்கு ஒரு எம்.ஓ.ரி. வருடத்துக்கு இரண்டு யார் எடுப்பார்கள்? மினிகாப்காரர், அதாவது வாடகைக் கார் ஓட்டுபவர். உரிமம் கொடுக்கும் இடங்கள் பலவும் அவர்களிடம் ஒன்றுக்கு மேல் கேட்கும். ஆறு மாதத்தில் 12,000, 13,000 மைல் என்பதும் அவர்களுடைய கணக்கு. எந்த லேடி டொக்ரரும் அப்படி ஓடமாட்டார். காரைப் பார்க்கும்போது பின் கண்ணாடியை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும், சாய்வாக வெளிச்சம் படும்படி பாருங்கள். உரிம ஸ்டிக்கரைக் கிழித்தெடுத்த பசை, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல் தடமாகத் தெரியலாம். முன் கண்ணாடியிலும் பாருங்கள்.

மினிகாப் ஓடிய கார் என்பதற்காக அது கெட்ட கார் ஆகிவிடாது. அவர்கள் ஒயிலை நேரத்துக்கு மாற்றுவார்கள். ஆனால் உலர்ந்த கிளச் பெட்டியோடு இரண்டு வருடம் லண்டன் நெரிசலில் மினிகாப் ஓடிய காருக்கு 7,800 பவுண் கொடுக்கக்கூடாது. அதைவிட, உங்களிடம் சொல்லாமல் மறைத்ததுதான் எனக்குப் பெரிது.

அந்த அண்ணாவைப் பற்றி. அவரை எனக்குத் தெரியாது, அவரைப்போலப் பலரைத் தெரியும். ஏலத்தில் எடுத்து, வீட்டு முற்றத்தில் நிறுத்தி, கழுவி, வட்ஸ்அப்பில் போட்டு, “தெரிந்தவருடைய கார்” என்று விற்பார்கள். மாதம் நாலைந்து. லொக்புக் இன்னும் முந்தியவரின் பெயரில் இருக்கும், தன் பெயருக்கு மாற்றவே மாட்டார்கள். ஏன் தெரியுமா? வியாபாரியிடம் வாங்கினால் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் உங்களுக்குத் துணை. வாங்கும்போதே இருந்த குறை தெரியவந்தால் முதல் 30 நாளுக்குள் காரைத் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கலாம். ஆறு மாதத்துக்குள் வரும் பழுது வாங்கும்போதே இருந்ததாகத்தான் கருதப்படும். தனி ஆளிடம் வாங்கினால் இது ஒன்றும் இல்லை. சொன்னதற்கு மாறாகக் கார் இருந்தால் மட்டும் கேட்கலாம், அதையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அதனால்தான் எல்லா வியாபாரிகளும் “தனி ஆள்” ஆகிவிடுகிறார்கள். வியாபாரி தன்னைத் தனி ஆளாகக் காட்டுவது சட்டப்படி குற்றம். யாராவது வந்து பிடிக்கிறார்களா? முறைப்பாடு கொடுத்தால் ஒரு இலக்கம் தருவார்கள், அந்த இலக்கத்தோடு நீங்கள் வீட்டில் இருக்கலாம்.

ஒரு சிறு சோதனை. வேறு ஃபோனிலிருந்து எடுத்து, “விற்கிற கார் விஷயமாக எடுக்கிறேன்” என்று மட்டும் சொல்லுங்கள். “எந்தக் கார்?” என்று கேட்டால் அவர் வியாபாரி.

லொக்புக் உரிமைப் பத்திரம் இல்லை, அதிலேயே அப்படி அச்சடித்திருக்கிறது. காரில் கடன் பாக்கி இருக்கிறதா என்று அதில் தெரியாது. அதற்குத் தனியாகக் காசு கட்டி விவரம் எடுக்கவேண்டும். அப்படி எடுத்த அறிக்கையின் படத்தை அண்ணாவே அனுப்பினால் அதை நம்பவேண்டாம், நீங்களே எடுங்கள். எம்.ஓ.ரி பாஸ் என்பதற்காகக் கார் முழுக்க நல்லது என்றும் இல்லை. அன்றைய நாளில் பிரேக், ரயர், லைற், புகை சரியாக இருந்தது என்றுதான் பொருள். எஞ்சினையும் கிளச்சையும் கியர்பெட்டியையும் அதில் சோதிப்பதே இல்லை. குடும்பம் ஏறும் காரில் பெரிய செலவு வைக்கும் மூன்றையும் விட்டுவிட்டு ஒரு வருடாந்தச் சோதனை! அப்புறம், “இன்ஷூரன்ஸும் நானே மலிவாக எடுத்துத் தருகிறேன்” என்று அவர் சொன்னால் அந்த இடத்திலேயே எழும்பிவிடுங்கள். போலிப் பத்திரம் கொடுத்து, பொலிஸ் மறித்த பிறகுதான் இன்ஷூரன்ஸே இல்லையென்று தெரிந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த மொடல் உங்களுக்குப் பொருத்தம்தான், இந்தக் கார் அல்ல. இதே மொடலில் கையால் போடும் ஆறு கியர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன், மனைவிக்கு அது சரிவராது. டி.எஸ்.ஜிதான் வேண்டுமென்றால் வருடம் 10,000 மைலுக்குள் ஓடிய, எம்.ஓ.ரி வருடத்துக்கு ஒன்றாக இருக்கும் காரை, முகவரி உள்ள கடையில் பாருங்கள். விலையில் ஒரு சிறு பகுதியையாவது கிரெடிட் கார்டில் நேரடியாகக் கடைக்குக் கட்டுங்கள், டெபிட் கார்டில் அல்ல. பிரச்சினை வந்தால் கார்ட் கொம்பனியும் சேர்ந்து பொறுப்பு. டேர்போவே வேண்டாம், ஊருக்குள்தான் ஓட்டம் என்றால் டொயோட்டா ஓரிஸ் ஹைபிரிட் எஸ்டேட்டையும் ஒருதடவை பாருங்கள். அதில் இந்தக் கிளச் தொல்லை கிடையாது. வரியையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2017 ஏப்ரல் 1க்கு முந்திப் பதிந்த கார்களுக்குக் காபனீரொட்சைட்டு அளவுக்கேற்ற வரி, அதற்குப் பிறகு பதிந்தவற்றுக்கு வருடம் 200 பவுணை ஒட்டிய ஒரே வரி. ஒரே கார், ஒரே எஞ்சின், பிளேட் மட்டும் வேறு. இதை யார் யோசித்தார்களோ தெரியாது.

இவ்வளவு சொன்ன பிறகும் சனிக்கிழமை போகத்தான் போகிறீர்கள், தெரிந்தவர் முகத்துக்காக. போங்கள். “நாங்கள் வரும்வரை எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவேண்டாம்” என்று அண்ணாவிடம் வெள்ளிக்கிழமையே சொல்லிவையுங்கள். போனதும் முதலில் பொனட்டில் கையை வையுங்கள். குளிர்ந்திருந்தால் ஸ்டார்ட் பண்ணி, சமதரையில் டியில் போட்டு, பிரேக்கை மெல்ல விடுங்கள். கார் வழுக்கிக்கொண்டு நகரவேண்டும், உதறக்கூடாது. ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது நடுக்கம் வருகிறதா என்று கவனியுங்கள். சின்ன ஏற்றத்தில் ரிவேர்ஸில் ஏற்றிப் பாருங்கள். பொனட் சூடாக இருந்தால் இவை ஒன்றும் தேவையில்லை. தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.