கதையெல்லாம் சரியாக எழுதியும் மதிப்பெண் ஏன் வரவில்லை?

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. கணக்கிலும் அறிவியலிலும் தொண்ணூறைத் தாண்டும் மகள், நாடகக் கேள்வியில் மட்டும் பாதி மதிப்பெண்ணில் நிற்கிறாள். "டாக்டருக்குப் படிக்கப் போகிறவளுக்கு நாடகம் எதற்கு, பாடத்தை மாற்றிவிடலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். விடைத்தாளையும் பார்த்தேன். மாற்ற வேண்டாம். நாடகத்தின் நாயகி நோரா எப்படிப்பட்டவள் என்று கேட்டால், நோராவுக்கு என்ன நடந்தது என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறாள். கோளாறு அங்கேதான்.

அவளுக்குப் பாடமாக இருக்கும், நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' (1879) நாடகத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் காட்சியில் நோரா பையிலிருந்து மக்ரூன் இனிப்பை எடுத்து ஒன்றிரண்டு வாயில் போட்டுக்கொள்கிறாள். கணவன் வரும் முன் ஒளித்துவைத்து வாயைத் துடைக்கிறாள். அவன் கேட்டால், தொடவே இல்லை என்கிறாள். விடைத்தாளில் இந்தக் காட்சி ஒரு வரிகூட இல்லை! நோராவின் குணம் அந்தச் சின்னப் பொய்யிலேயே இருக்கிறது. இனிப்புத் தின்பதற்குக்கூடக் கட்டுப்பாடு உள்ள வீடு அது. அவள் எதிர்த்துப் பேசுவதில்லை, மறைத்துப் பழகியவள். அதனால்தான், கணவனின் உயிரைக் காப்பாற்ற அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுக் கடன் வாங்கினாள் என்று பின்னால் தெரியும்போது நமக்கு நம்ப முடிகிறது.

நாவல் மாதிரி கூடவே வந்து விளக்கிச் சொல்ல நாடகத்தில் ஆள் கிடையாது. பேச்சு, செயல், மேடைக்குறிப்பு, அவ்வளவுதான். பேச்சும் செயலும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். கணவன் அவளை வானம்பாடி என்றும் அணில் என்றும் கொஞ்சுகிறான். அதை வைத்து நோராவை எடைபோட வேண்டாம், அவனை எடைபோடட்டும்.

மையக்கருத்து என்ற இடத்தில் 'பெண் விடுதலை' என்று எழுதியிருக்கிறாள். அது தலைப்பு. ஒருவர் மறுத்துப் பேசக்கூடிய முழு வாக்கியமாக இருந்தால்தான் கருத்து. "செல்லம் கொடுப்பதும் ஒருத்தியை மனுஷியாக மதிப்பதும் ஒன்றல்ல" என்று எழுதிப் பார்க்கட்டும். கைடில் இருக்கும் 'துணிச்சலானவள்' என்ற ஒற்றைச் சொல்லைத் தயவுசெய்து மறக்கச் சொல்லுங்கள்.

அபுனைவுக்கும், அதாவது கதையல்லாத எழுத்துக்கும், இதே பார்வைதான். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' (1859) முதல் அத்தியாயத்தில் வளர்ப்புப் புறாக்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக வரும். அதற்காகப் புறாவைப் பற்றிய புத்தகம் என்று சொல்ல முடியுமா? மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்தே இத்தனை வகை வந்திருக்கிறது என்று முதலில் காட்டிவிட்டு, நான்காம் அத்தியாயத்தில்தான் இயற்கைத் தேர்வுக்கு வருகிறார். ஆறாம் அத்தியாயத்தில் தன் கொள்கைக்கு எதிரான சிக்கல்களைத் தானே எடுத்துப் பேசுகிறார். அவசரமாகப் படித்தால் மனம் மாறிவிட்டார் என்றே தோன்றும். ஒவ்வொரு பத்தியிலும் "இது இங்கே எதற்கு?" என்று கேட்டால் அந்தக் குழப்பம் வராது.

சரி, டாக்டர் படிப்புக்கு வருகிறேன். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான எம்கேட் தேர்வில் இந்த வாசிப்புக்கென்றே தனிப் பகுதி உண்டு. 90 நிமிடம், 53 கேள்விகள். பத்திகள் கலை, தத்துவம், சமூகம் பற்றியவை. விடை பத்திக்குள்ளேயே இருக்கும். நோயாளி "ஒன்றுமில்லை டாக்டர்" என்று சொல்லிக்கொண்டே வயிற்றைப் பிடித்திருப்பதைக் கவனிப்பதும் மக்ரூனைக் கவனிப்பதும் ஒரே பழக்கம் என்பது என் எண்ணம். சட்டம், இதழியல் பக்கம் போனாலும் இது கைகொடுக்கும்.

இரண்டு வாரத்துக்கு அவள் முழு விடை எழுத வேண்டாம். தினமும் ஒரு பக்கம் படித்து, கதாபாத்திரத்தைப் பற்றி ஒரு வாக்கியம், அதற்குச் சான்றாக நாடகத்திலிருந்து ஒரு வரி, அந்த வரி எப்படிச் சான்றாகிறது என்று இரண்டு வரி எழுதினால் போதும். நீங்களும் முதல் காட்சியைப் படித்துவிடுங்கள். அப்புறம் "படித்தாயா?" என்று கேட்காமல், கணவன் பக்கம் நின்று அவளிடம் வாதாடிப் பாருங்கள். கோபம் வந்தால் ஆதாரத்தை அவளே தேடி எடுப்பாள்.