நெறி கட்டியது வைரஸால்; புற்றுநோய் வருமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகனுக்கு (19) இரண்டு வாரமாகக் காய்ச்சல், தொண்டைவலி. கழுத்தின் இருபுறமும் நெறி கட்டியிருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் 'எப்ஸ்டைன்-பார் வைரஸ், ஐஜிஎம் பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. அது புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை, டாக்டர்.
வாசகி, திருச்சி

பதில்: நீங்கள் படித்தது பொய் இல்லை, அம்மா. ('ஐஜிஎம் பாசிட்டிவ்' என்றால் தொற்று அண்மையில் வந்தது என்று பொருள்.) 1964-இல் இந்த வைரஸைக் கண்டுபிடித்ததே உகாண்டாக் குழந்தைகளின் புற்றுக்கட்டியிலிருந்து வளர்த்த செல்களில்தான். ஆனால் வயது வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இதைச் சுமந்துகொண்டுதான் நடமாடுகிறார்கள். அநேகமாக நீங்களும் நானும் அதில் அடக்கம். நம் ஊரில் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, எச்சில் வழியாக, வந்த சுவடு தெரியாமல் தொற்றிவிடும். தாமதித்து வந்தால்தான் இப்படிப் படுத்தும்.

இது ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்; ஒருமுறை நுழைந்தால் ஆயுளுக்கும் போகாது. குடியிருப்பது ரத்தத்தின் பி செல்கள் என்ற வெள்ளையணுக்களில். தன் டிஎன்ஏவை ஒரு வளையமாக்கி, ஒரு புரதத்தைக் கொண்டு நம் குரோமோசோமில் ஊக்குக் குத்தியதுபோல மாட்டிவைக்கும். செல் இரண்டாகப் பிரியும்போது வளையமும் இரு பக்கமும் போய்ச் சேரும்.

விஷமம் இன்னொரு புரதத்தில் இருக்கிறது. பி செல் பெருக வேண்டுமானால் பொதுவாக டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளையணு வந்து மணியடிக்க வேண்டும். எல்எம்பி-1 என்ற இந்தப் புரதமோ, பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்ட அழைப்புமணிபோல, யாரும் தொடாமலே அடித்துக்கொண்டிருக்கும். செல்கள் பெருகும். உடனே டி செல்கள் அவற்றை அழிக்கத் திரளும். உங்கள் மகனின் கழுத்தில் தட்டுப்படுவது பெரும்பாலும் அந்தக் கூட்டம்தான்! பயப்பட வேண்டிய கட்டி அல்ல. பிறகு வைரஸ் தன் புரதங்களை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு ஓசையின்றிப் பதுங்கிக்கொள்ளும்.

புற்றுநோய்க்கு இது மட்டும் போதாது. அந்த உகாண்டாக் குழந்தைகளின் புற்றுக்கு, ஆப்பிரிக்காவில் அடிக்கடி வரும் மலேரியாவும், செல் பெருக்கத்தைத் தூண்டும் 'மிக்' என்ற மரபணு இடம் மாறுவதும் சேர வேண்டியிருக்கிறது. உறுப்புமாற்று சிகிச்சை பெற்றவர்களுக்கு, டி செல்களை அடக்கும் மருந்தால் பி செல் கட்டி வருவதுண்டு. அந்த மருந்தைக் குறைத்ததுமே கட்டி கரைந்ததும் உண்டு. டி செல்களின் காவல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இந்தக் காய்ச்சல் வந்தவர்களுக்கு ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சற்றே கூடுகிறது என்பதையும் மறைக்கவில்லை. ஆனாலும் அது அபூர்வம்.

இப்போது செய்ய வேண்டியது ஓய்வு, நீராகாரம், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால். தொண்டைவலிக்கென்று நீங்களாக அமாக்சிசிலின் வாங்கிக் கொடுக்காதீர்கள். இந்தக் காய்ச்சலில் அது உடம்பெல்லாம் சிவந்து தடிக்க வைக்கலாம். மண்ணீரல் வீங்கியிருக்கலாம் என்பதால் ஒரு மாதத்துக்குக் கபடி, கால்பந்து, பாரம் தூக்குதல் வேண்டாம். இடது விலாவுக்குக் கீழே திடீரென வலித்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஆறு வாரத்துக்குப் பிறகும் நெறி வற்றாமல் வளர்ந்தாலோ, எடை குறைந்தாலோ, இரவில் சட்டை நனையும் அளவுக்கு வியர்த்தாலோ மருத்துவரிடம் மீண்டும் காட்டுங்கள். தேவைப்பட்டால் திசுப் பரிசோதனை செய்து பார்ப்பார்.