ஆர்மாடா டுப்லா: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அக்கா, பிரேசிலின் சண்டைக்கலையான கபோயிராவில் ஆர்மாடா என்ற சுழல் உதை ஓரளவு வருகிறது. இரண்டு காலையும் சேர்த்துச் சுழன்று குதிக்கும் டுப்லாவில் மட்டும் முக்கால் சுற்றிலேயே விழுந்துவிடுகிறேன்.

பதில்: காற்றில் ஏறிய பிறகு புதிதாகச் சுழற்சி கிடைக்காது. தரையில் கால் இருக்கும்போதே வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் தொடக்கம் அச்சு அசல் ஆர்மாடாதான். ஜிங்கா என்ற அடிப்படை அசைவிலிருந்து ஒரு காலைக் குறுக்கே வையுங்கள். முதலில் தலை திரும்பி, தோளுக்கு மேலாக எதிராளியைப் பார்க்கும். அப்புறம் தோள், கடைசியில் இடுப்பு. மூன்றையும் ஒன்றாகத் திருப்பினால் முறுக்கே ஏறாது. உங்கள் சிக்கல் அங்கேதான் இருக்கும். முறுக்கு ஏறியதும் முட்டி மடக்கி நேர் மேலே எம்புங்கள், பக்கவாட்டில் பாயாதீர்கள். முதல் கால் வீசி ஏற, அடுத்தது போய்ச் சேர்ந்துகொள்ளும், மேலுடம்பு சாயும். விரித்த கைகளை மார்போடு இழுத்தால் வேகம் கூடும். இறங்கும்போது இரண்டு காலும், முன்பாதம் முதலில். கால்விரல் பார்க்கும் திசையைத்தான் முட்டியும் பார்க்க வேண்டும்.

கேள்வி: எத்தனை நாளில் வரும்?

பதில்: உங்கள் ஆர்மாடாவைப் பார்க்காமல் எப்படிச் சொல்ல?

கேள்வி: கடற்கரை மணலில் பழகலாமா?

பதில்: விழுந்து பழக மணல் நல்லது. சுழன்று எம்ப வேண்டாம். பாதம் புதைந்து நிற்கும், உடம்பு திரும்பும், நடுவில் மாட்டுவது முட்டி. ஏ.சி.எல். ஜவ்வு கிழிந்தால் மாதக்கணக்கில் உட்கார வேண்டியதுதான்.

கேள்வி: என் பையனுக்கு ஒன்பது வயது. பேக்ஃப்ளிப் சொல்லித் தருவீர்களா?

பதில்: ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியாளரிடம் அனுப்புங்கள்.

கேள்வி: இதெல்லாம் சர்க்கஸ். மெஸ்ட்ரே (ஆசான்) பிம்பா கற்றுக்கொடுத்தது சண்டை.

பதில்: பாதி சரி. 1932-இல் பிரேசிலின் சால்வடார் நகரில் கபோயிராப் பள்ளி தொடங்கிய பிம்பாவின் அடிப்படைப் பாடம், இருவர் சேர்ந்து செய்யும் எட்டுத் தொடர்கள். அதில் டுப்லா கிடையாது. ஆனால் அதே பிம்பாதான் ஒருவரை இன்னொருவர் தூக்கி எறிய, எறியப்பட்டவர் காலூன்றி இறங்கும் சிந்தூரா தெஸ்ப்ரெசாதா என்ற பயிற்சியையும் வைத்தார். காற்றில் போனவன் ஒழுங்காக இறங்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவருக்குச் சர்க்கஸாகத் தெரியவில்லை.

கேள்வி (மேற்படியார்): அப்படியானால் அங்கோலா வகைக் கபோயிராவின் ஆசான் பாஸ்டின்யா? அங்கோலா ரோடாவில் (ஆட்ட வட்டத்தில்) யாராவது டுப்லா போடுவார்களா?

பதில்: போட மாட்டார்கள், போடவும் கூடாது. 1941-இல் பாஸ்டின்யா தொடங்கிய பள்ளியின் வழியில் வரும் ஆட்டம் தாழ்ந்து, நெருங்கி, மெதுவாகப் போவது. அங்கே எம்பினால் அது தெரியாத்தனம். சாவ் பென்டோ கிராண்டி என்ற தாளம் வேகமாக ஒலிக்கும் ரோடாவில், ஆள் விலகி இருக்கும்போது வந்தால் அழகு. பெரிம்பாவ் என்ற வில் வாத்தியம் என்ன வாசிக்கிறது என்று கேட்காமல் குதிப்பவர்கள்மேல் எனக்கும் உங்களைப் போலவே எரிச்சல்தான்.

கேள்வி: யூடியூப் பார்த்து நேரடியாக டுப்லாவிலிருந்தே ஆரம்பிக்கலாமா?

பதில்: முதலில் ஆர்மாடா.

கேள்வி: சுமாராக எத்தனை மாதம் ஆகும்?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: குதித்துப் பழகியதில் முட்டி வீங்கியிருக்கிறது. ஐஸ் வைத்துவிட்டுத் தொடரலாமா?

பதில்: கூடாது. எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். பாதத்தை ஊன்றிக்கொண்டு முட்டியைத் திருப்பாதீர்கள் என்று இன்னும் எத்தனை தடவை சொல்வது!

கேள்வி: ரோடாவில் எதிராளி குனியாமல் நின்றுவிட்டால்?

பதில்: உங்கள் இரண்டு காலும் அவர் மேல்தான். குனிந்து விலகும் எஸ்கீவா போகத் தெரியாத புதியவரிடம் டுப்லா போடவே போடாதீர்கள்.