பதவி காலியான பிறகு தகுதியை மாற்றலாமா?

கேள்வி: நான் ஒரு மாநகராட்சியின் பொறியியல் பிரிவில் செயற்பொறியாளர். டிப்ளமோ படித்தவன். டிப்ளமோவும் போதிய பணி அனுபவமும் இருந்தால் பிரிவின் தலைமைப் பதவிக்கு வரலாம் என்பதுதான் விதி. முன்பிருந்தவர் ஓய்வுபெற்றுப் பல மாதங்களாகியும் அந்த இடத்தை நிரப்பவில்லை. இப்போது பொறியியல் பட்டம் கட்டாயம் என்று மாற்றிவிட்டார்கள். பணிமூப்பில் எனக்கு அடுத்திருப்பவர் பட்டதாரி. அவருக்காகவே மாற்றினார்கள் என்று அலுவலகமே பேசுகிறது. பழைய விதி இருந்தபோது காலியான இடத்தைப் பழைய விதிப்படிதானே நிரப்ப வேண்டும்? அஞ்சல் வழியில் ஒரு பி.இ. வாங்கிவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் நீங்கள் பெரிதும் நம்பியிருக்கும் வாதம்தான் இன்று பலவீனமான வாதம். பழைய காலியிடத்துக்குப் பழைய விதி என்று 1983-இல் ரங்கையா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. சுமார் நாற்பது ஆண்டுகள் பணியாளர் சங்கங்கள் அதை வைத்தே வாதாடின. ஆனால் 2022 மே மாதம், இமாசலப் பிரதேச அரசுக்கும் ராஜ்குமாருக்கும் இடையிலான வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பைச் செல்லாததாக்கிவிட்டது. பதவி உயர்வுக்கான பரிசீலனை நடக்கும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறதோ, அந்த விதிப்படி பரிசீலிக்கப்படுவதே ஊழியரின் உரிமை. இடம் எப்போது காலியானது என்பது அதைத் தீர்மானிக்காது. சங்கத்து நண்பர்கள் இன்னும் ரங்கையாவையே மேற்கோள் காட்டினால், இதைச் சொல்லுங்கள்.

பட்டதாரிக்கும் டிப்ளமோகாரருக்கும் பாகுபாடு காட்டுவது சமத்துவத்துக்கு எதிரானது என்ற வாதமும் எடுபடாது. இதே பொறியாளர் பிரச்சினை 1973-லேயே திரிலோகி நாத் கோசா வழக்கில் வந்துவிட்டது. பதவி உயர்வுக்குக் கல்வித் தகுதியை அளவுகோலாக வைக்கலாம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. உங்களுக்குக் கசப்பாக இருக்கலாம். சட்ட நிலை அதுதான்.

அப்படியானால் வழக்கே இல்லையா? இருக்கலாம். என்ன மாற்றினார்கள் என்பதைவிட, எப்படி மாற்றினார்கள், எந்தத் தேதியிலிருந்து மாற்றினார்கள் என்பதில்தான் அது இருக்கிறது. “மாற்றிவிட்டார்கள்” என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். யார் மாற்றினார்? மாமன்றத் தீர்மானமா, ஆணையரின் சுற்றறிக்கையா, அரசாணையா, அரசிதழில் வந்த விதித் திருத்தமா? சட்டத்தின் கீழ் உருவான பணி விதியை அதே அதிகாரம் உள்ளவர், அதே முறையில்தான் திருத்த முடியும். விதி சொல்லாமல் விட்ட இடத்தை நிர்வாக உத்தரவு நிரப்பலாம். விதியையே மாற்றக் கூடாது என்பது 1967-இல் சந்த் ராம் சர்மா வழக்கிலிருந்து நிலைத்துவிட்ட கோட்பாடு. உங்கள் ஊரில் நடந்தது வெறும் தீர்மானமோ சுற்றறிக்கையோ என்றால், உங்கள் கை ஓங்கியிருக்கிறது.

முறைப்படி அரசிதழில் வந்திருந்தால், அது முன்தேதியிட்டு அமலாகிறதா என்று பாருங்கள். அரசு முன்தேதியிட்டு விதி செய்யலாம். ஆனால் பழைய விதியில் ஒருவர் ஏற்கெனவே பெற்றுவிட்ட பயனை அப்படிப் பறிக்க முடியாது என்று டி.ஆர். கபூர் வழக்கு சொல்கிறது. இங்கே கவனம் வேண்டும். வாய்ப்பு வேறு, கைக்கு வந்த உரிமை வேறு. பழைய விதிப்படி தயாரித்த பதவி உயர்வுப் பட்டியல் ஒப்புதல் பெற்று, அதில் உங்கள் பெயர் இருந்ததா? அப்படியானால் பேசுவதற்கு ஒரு பிடி கிடைக்கும். அதுவும் பதவிக்கு உறுதியான உரிமை ஆகிவிடாது. பட்டியலே போடாமல் இடம் காலியாகக் கிடந்தது என்றால், உங்களிடம் இருந்தது வாய்ப்பு மட்டும்தான்.

“அவருக்காகவே மாற்றினார்கள்” என்பதை மனுவின் முதல் வரியாக வைக்காதீர்கள். பொதுவாக எல்லோருக்கும் பொருந்தும் ஒரு விதியில் உள்நோக்கத்தை நிரூபிப்பது மிகக் கடினம். பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினால் அந்த நபரை எதிர்மனுதாரராகச் சேர்க்கவும் வேண்டும். அலுவலகப் பேச்சு சாட்சியமாகாது. கோப்புக் குறிப்பு சாட்சியமாகும். அதனால் முதல் வேலை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடுவது. திருத்தக் கோப்பின் குறிப்புகள், மாமன்றத் தீர்மானம், அரசுக்கு அனுப்பிய முன்மொழிவு, பதவி உயர்வுப் பட்டியல் என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

அது வரும்வரை சும்மா இருக்காதீர்கள். ஆணையருக்கும் அரசுத் துறைக்கும் இப்போதே எழுத்துப்பூர்வமாகக் கோரிக்கை மனு அனுப்பி, ஒப்புகை வாங்குங்கள். விதித் தளர்வு அளிக்கும் அதிகாரம் உங்கள் பணி விதிகளில் இருந்தால் அதையும் மாற்றுக் கோரிக்கையாகச் சேருங்கள். அப்புறம் உயர் நீதிமன்றத்தில் அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு. அதற்குக் காலக்கெடு என்று எதுவும் எழுதிவைக்கப்படவில்லைதான்; ஆனாலும் எதிர் நபர் பதவியேற்றுப் பல மாதம் கழித்துப் போனால் நீதிபதி முதலில் கேட்பது “இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள்?” என்பதைத்தான்.

அஞ்சல் வழி பி.இ.க்குப் பணம் கட்டிவிடாதீர்கள். உரிய ஒப்புதல் இல்லாமல் தொலைநிலையில் நடத்தப்பட்ட பொறியியல் பட்டங்களை 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அவற்றைக் காட்டிப் பதவி உயர்வு பெற்றவர்களும் சிக்கலில் மாட்டினார்கள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் உள்ள கல்லூரியில் பகுதிநேர பி.இ. படிப்பது வேறு. துறையின் முன் அனுமதி வாங்கிச் சேருங்கள். அடுத்த காலியிடத்துக்காவது அது உதவும்.