ஓட்டக்காரனா, ஆட்டக்காரனா? ஆஸ்திரேலிய ஃபுட்பால் கேள்வி பதில்

கேள்வி: ஏஎஃப்எல் (ஆஸ்திரேலிய ஃபுட்பாலின் முதன்மை லீக்) அணிகள் இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் முன் 20 மீட்டர் ஓட்டம், எகிறிக் குதிப்பது, 2 கிலோமீட்டர் ஓட்டம் என்று சோதிக்கிறார்களே, அப்படியென்றால் உடல்தானே எல்லாம்?

அந்தச் சோதனைகளில் சாம் மிட்செல் போன்றவர்கள் தவறிப் போய்விடுவார்கள். 2000 டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்து இளைஞர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில், அவரை யாரும் எடுக்கவில்லை. அடுத்த ஆண்டு ஹாதார்ன் அணி 36ஆவது தேர்வாக எடுத்தது. வேகம் சுமார்தான். ஆனால் நடுக்களத்தில் ரக்மேன்கள் (மேலே வரும் பந்தைத் தன் அணிப் பக்கம் தட்ட எம்பும் உயரமான ஆட்டக்காரர்கள்) பந்துக்கு எம்பும்போதே அது எங்கே விழும் என்று கணித்து, இரண்டடி தள்ளிப் போய் நிற்பார். இரண்டு காலாலும் உதைப்பார் என்பதால் எந்தப் பக்கம் மறிப்பது என்று எதிராளிக்குப் புரியாது. நான்கு கோப்பைகள் வென்றார். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கமும், 2012க்கானது, பின்னர் அவருக்கு வந்தது.

கேள்வி: ஆட்ட அறிவு இந்த விளையாட்டில் மட்டும் ஏன் இவ்வளவு முக்கியம்?

எதிரணிக்குப் பின்னால் போய் நிற்கக்கூடாது என்ற ஆஃப்சைடு விதி இதில் கிடையாது. அதனால் எதிராளி முதுகுப் பக்கமிருந்தும் வருவான். 36 பேர், 185 மீட்டர் வரை நீளக்கூடிய ஓவல் மைதானம், தரையில் பட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று தெரியாத முட்டை வடிவப் பந்து. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாதவனுக்கு வேகத்தால் என்ன பலன்?

கேள்வி: வேறு விளையாட்டிலிருந்து வந்த நல்ல விளையாட்டு வீரர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட முடியாதா?

முடியும், நாளாகும். ஜிம் ஸ்டைன்ஸ் அயர்லாந்தில் கேலிக் ஃபுட்பால் ஆடியவர், நல்ல உயரம், சளைக்காத ஓட்டம். 1987 பிரிலிமினரி ஃபைனலின் (இறுதிக்கு முந்தைய ஆட்டம்) கடைசி நொடிகளில் அவருடைய மெல்பர்ன் அணி நான்கு புள்ளி முன்னிலை. ஹாதார்னின் கேரி பக்கெனாரா ஃப்ரீ கிக் எடுக்க நிற்கிறார். அவருக்கும் எதிரே நிற்பவருக்கும் நடுவே குறுக்கே ஓடக்கூடாது. ஸ்டைன்ஸ் ஓடிவிட்டார். 15 மீட்டர் தண்டனை. தொலைவு குறைந்தது, ஆறு புள்ளி தரும் கோல் விழுந்தது, மெல்பர்ன் இரண்டு புள்ளியில் தோற்றது. இந்த மண்ணில் சிறுவயதிலிருந்து ஆடியவனுக்கு அந்த இடத்தில் கால் தானாகவே நின்றிருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் ஸ்டைன்ஸ் விட்டுவிடவில்லை. 1991இல் பிரவுன்லோ பதக்கம் வாங்கினார், ஒன்றைக்கூடத் தவறவிடாமல் தொடர்ச்சியாக 244 ஆட்டங்கள் ஆடியவரும் அவர்தான். அவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

இஸ்ரேல் ஃபோலாவ் ரக்பி லீக்கில் பந்தைத் தாவிப் பிடிப்பதில் பேர்போனவர். ஆஸ்திரேலிய ஃபுட்பாலுக்கு வந்து, 2012இல் ஜிடபிள்யூஎஸ் (கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி) அணிக்கு 13 ஆட்டங்களில் இரண்டே கோல். அந்த ஒரு பருவத்தோடு கிளம்பிவிட்டார்.

கேள்வி: அப்போ ஓட்டப் பயிற்சியே வேண்டாமா?

வேண்டும். நடுக்கள ஆட்டக்காரர் ஒரு ஆட்டத்தில் 12, 13 கிலோமீட்டர் ஓடுகிறார். மூச்சு வாங்கினால் யோசனையும் நின்றுவிடும்.

கேள்வி: என் பையனுக்கு 9 வயது. அணியிலேயே அவன்தான் வேகம், பந்தோடு ஓடியே கோல் போடுகிறான். எதைச் சொல்லித்தர வேண்டும்?

சந்தோஷமாக ஓடட்டும், தடுக்காதீர்கள். ஆனால் 14 வயதில் மற்ற பிள்ளைகளும் வளர்ந்து எட்டிப் பிடித்துவிடுவார்கள். வலது காலன் என்றால் தினமும் பத்து உதை இடது காலால். அப்புறம் ஹேண்ட்பால்: ஒரு உள்ளங்கையில் பந்து, மறு கையை மூடி முஷ்டியால் குத்து, அதையும் இரண்டு பக்கமும் பழகட்டும். ஆட்டம் பார்க்கப் போனால், உயரே பந்து வரும்போது "எங்கே விழும்?" என்று அவனைக் கேளுங்கள். முதலில் பந்தையே பார்த்துக்கொண்டு சொல்வான். கொஞ்ச நாளில் கீழே எம்பக் காத்திருப்பவர்களின் தோள்களைப் பார்த்துச் சொல்லத் தொடங்குவான்.